'ங்க' எங்கே நின்றுபோகிறது

வெளியூரிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் வந்து போகிறவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள். "உங்க ஊர்ல எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க!" உண்மைதான். பஸ்ஸில் வழி கேட்டால் "ஏனுங்க, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோங்க" என்பார்கள். சண்டைகூட "ஏனுங்க இப்படிப் பண்றீங்க" என்றுதான் தொடங்கும். நடை பழகும் குழந்தையிடம் "வாங்க சாமி, ஒரு வாய் வாங்கிக்கோங்க கண்ணு" என்று கெஞ்சுவார்கள். நான் நாலு வருடம் சென்னையில் வேலை பார்த்தவன். ராத்திரி ரயிலில் கிளம்பி விடியற்காலையில் கோவை ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் ஆட்டோக்காரர் "எங்கீங்க போகோணும்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே வீடு வந்துவிட்டது போல இருக்கும். இந்தப் பேச்சின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் இந்த 'ங்க' எல்லாரிடமும் போவதில்லை. ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் அது மாடு கட்டும் கட்டுத்தரையோடு நின்றது.

எங்களுக்குக் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் கொஞ்சம் காடு. மழை பெய்தால் சோளமும் கம்பும் போடுவோம். மற்றபடி கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே மாடும் ஆடும். 1980களின் கடைசியில் நான் சின்னப் பையன். எங்கள் பண்ணையத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அருந்ததியர். அவர் பேரை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைக் கூப்பிட்டோம். என் அப்பாருவை, அதாவது தாத்தாவைவிட அவர் மூத்தவர். எனக்கு ஆறு வயது. "இங்க வா", "அதை எடு", "சீக்கிரம் போ" என்று நான் சொல்வேன். அவர் "ஆகட்டுங்க சாமி" என்பார்.

விடிவதற்கு முன்பே வந்து சாணி வாரி, தீவனம் போட்டு, மாடுகளைக் கொறங்காட்டுக்கு ஓட்டிப் போவார். படலை இழுத்துக் கட்டிவிட்டு வந்தால் அடுத்த வேலை காத்திருக்கும். அவருடைய சாப்பாட்டுத் தட்டு, நாங்கள் வட்டில் என்போம், கட்டுத்தரைச் சாளையின் எறவாரத்தில், கூரை இறங்கும் ஓரத்தில், செருகியிருக்கும். மத்தியானம் அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்காருவார். அப்பத்தா போசியோடு வந்து, வட்டிலில் படாமல் உயரத்திலிருந்து கம்மஞ்சோற்றைப் போட்டு மோரை ஊற்றுவார். தின்று முடித்துக் கழுவி மறுபடியும் எறவாரத்தில் செருகிவிடுவார். தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு 1950இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த வட்டில் நாற்பது வருடம் கழித்தும் எங்கள் எறவாரத்தில்தான் இருந்தது.

அப்பத்தா கெட்டவர் இல்லை. அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவார். அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை அரிசி போனது. அவர் வீட்டுக் குழந்தைகளின் வயதெல்லாம் அப்பத்தாவுக்கு மனப்பாடம். இப்போது யோசிக்கும்போது இதுதான் எனக்கு மிகவும் கலக்கமாக இருக்கிறது. அந்த அன்பு பொய்யில்லை. அது இருந்த காரணத்தாலேயே நாங்கள் செய்த இழிவு எங்கள் கண்ணுக்குப் படவில்லை. "நாம அவங்களை எவ்வளவு நல்லாப் பார்த்துக்கறோம்" என்று ஒருவர் சொல்லும்போது இன்றும் எனக்கு எறவாரத்து வட்டில்தான் ஞாபகம் வரும். பட்டிப் பொங்கலன்று அந்தப் பெரியவர் மாட்டைக் குளிப்பாட்டி நிறுத்தியதும், செவலையின் கழுத்தைத் தடவி "வாங்க தங்கம்" என்பார் அப்பத்தா. மாட்டுக்கு 'ங்க' போட்ட வாய் அது. குளிப்பாட்டியவருக்குப் போடவில்லை.

நான்காவது படிக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை, பள்ளிக்கூடம் விடும் நேரம். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் எங்கள் வீட்டுக் குடையோடு அந்தப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். வகுப்பு வாத்தியார் புதிதாக வந்தவர். "யாரு அது?" என்று கேட்டார்.

நான் எழுந்து, "எங்க பண்ணையத்து ஆளுங்க சார். என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்" என்றேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய பேரன். என் வகுப்புதான். அவனும் எழுந்தான். "எங்க தாத்தாங்க சார் அவரு" என்றான்.

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பினோம். குடைக்கடியில் நான். பக்கத்தில் கொங்காடையோடு அவர். பின்னால், சத்துணவுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன். ஒரே ஒரு குடை, அதைச் சொந்தப் பேரனுக்குப் பிடிக்க முடியாமல் எனக்குப் பிடித்துக்கொண்டு வந்தார் அந்த மனிதர். "பார்த்து வாங்க சாமி, வழுக்கும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை.

'வந்திருக்கான்', 'அவரு'. ஒரே மனிதர், ஒரே நிமிடம். தமிழில் ஒருவரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே அவர் நமக்கு மேலா கீழா என்று சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச முடியும். வினைச்சொல்லின் வாலிலேயே அது ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு அவன் கோபமாகப் பேசவில்லை. என் வாக்கியத்தின் வாலை மட்டும் திருத்தினான். அது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது.

அந்தப் பெரியவர் இறந்தபோது நான் சென்னையில் இருந்தேன். அப்பா போனில் சொன்னார், "செத்துப் போயிட்டான்." எங்கள் சொந்தத்தில் யாராவது போனால் 'தவறிட்டாங்க' என்பார் அப்பா. ஊர்ப் பெரியவர் என்றால் 'காலமாயிட்டாருங்க'. சாவுக்கும் எங்களிடம் தனித்தனிச் சொல் இருந்தது.

ஈரோட்டில் பிறந்த பெரியார், தன்னைவிட வயதில் மிகச் சிறியவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார் என்று அவரோடு பழகிய பலரும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஈரோடு ஒன்றும் ரொம்பத் தூரமில்லை. அதே கொங்குப் பேச்சு, அதே 'ங்க'. அவர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எந்த வேலியிலும் நிறுத்தாமல் எல்லாருக்கும் போட்டார், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் முடியவில்லை.

அப்புறம், எனக்கே 'ங்க' கிடைக்காமல் போன இரண்டு மாதம் உண்டு. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, வீட்டில் காசு கேட்கப் பிடிக்காமல், கோவை காந்திபுரத்தில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராகச் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்கு இட்லி, ராத்திரி பத்தரைக்குக் கடைசிப் பந்தி. நடுவில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காரலாம். முதல் வாரம் கால் வீங்கிச் செருப்பே போட முடியவில்லை.

திட்டு வாங்குவது பெரிய கஷ்டமாக இல்லை. ஆறிப்போன தோசைக்குத் திட்டினால் அதில் நியாயம் உண்டு. போனில் பேசிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், இலையில் விரலால் தட்டிக் காட்டுவார்களே, அதுதான் தாங்காது. சொடுக்குப் போடுவார்கள், "ஸ்ஸ்" என்பார்கள். "ஏய் சாம்பார்" என்று ஒருவர் கூப்பிட்டார், நானும் திரும்பினேன். ஒரு மாதத்தில் நானே சாம்பாருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

மேஜை துடைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். சாப்பிட்டவர்கள் எழுந்து போன மேஜையைப் பார்த்து ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவரிடம்தான் கற்றேன். எலும்பை இலைக்கு வெளியே துப்பி வைப்பவர்கள் உண்டு. தட்டிலேயே கை கழுவுவார்கள். துடைத்த காகிதத்தைத் தண்ணீர் டம்ளருக்குள் திணிப்பார்கள். ஊறிப்போன அந்தக் காகிதத்தை யாரோ ஒருவர் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எலும்பை இலைக்குள்ளேயே வைத்து மடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்றிலிருந்து நான் சாப்பிடும் எந்த இடத்திலும் டம்ளருக்குள் எதையும் போட்டதில்லை.

மத்தியானம் சப்ளையர்கள் சாப்பிட மூன்றரை ஆகும். மார்க்கெட்டில் காய் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் எப்போதும் மத்தியானக் கடைசிப் பந்திக்குத்தான் வருவார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். பழக்கத்தில் "ஆச்சுங்க" என்றேன். "மொகத்தப் பார்த்தா அப்படித் தெரியலீங்களே" என்றார். பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் குரல் அப்படியே இருக்கிறது.

ஆனால் இதையும் எறவாரத்து வட்டிலையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். எனக்கு அது இரண்டு மாதம். வேலை கிடைத்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறப்பால் வந்ததை அப்படிக் கழற்றிப் போட முடியாது. இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்தது அதன் ஓரம் மட்டும்தான்.

கால் வீக்கம் என்றதும் இன்னொன்று. கோவையில் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் தீபாவளி நேரத்தில் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். நாம் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்வோம். பிரித்துக் காட்டும் பெண் நின்றுகொண்டே இருப்பார். கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் நிற்பார். அடிக்கடி பாத்ரூம் போனால் கேள்வி வரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கடை ஊழியர் எல்லாருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. மனிதர் உட்காரலாம் என்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! சட்டம் வந்த பிறகு, துணி எடுக்கப் போகும்போதெல்லாம் "நீங்களும் உட்காருங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்பார்கள். ஸ்டூல் இருக்கும். உட்காரத் துணிச்சல் இருக்காது.

'ங்க' வாயில் மட்டும் இருந்தால் போதாது என்று எனக்குக் காட்டியது எங்கள் வீதிக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று 2020இல் அரசு மாற்றியது. அந்த வருடம் கொரோனா வந்தது, பல ஊர்களில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், பாதபூசை செய்தார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். ஒருநாள் ஊதல் சத்தம் கேட்டு அவசரமாகக் குப்பைப் பையைக் கொண்டு கொடுத்தேன். முந்தின ராத்திரி உடைந்த கண்ணாடி டம்ளர் அதற்குள் இருந்தது. பையைத் தூக்கி வண்டியில் போட்டவருக்கு உள்ளங்கையில் கீறிவிட்டது. கையுறை இல்லை. "ஐயோ அக்கா" என்று நான் பதறினேன். அவர் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, "பரவால்லீங்க, எங்களுக்கு இது பழக்கந்தானுங்க" என்றார். பழக்கமாகும் அளவுக்கு எத்தனை வீட்டுக் கண்ணாடி! டிஞ்சர் வைத்துக் கட்டி, ஊசி போடக் கூட்டிப் போனேன். அது தண்டனை போலக்கூட இல்லை, செய்ய வேண்டிய குறைந்தபட்சம்.

2016ஆம் வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எல்லாம் சொல்லியிருந்தது. மக்கும் குப்பை தனி, மக்காதது தனி, வீட்டில் வரும் ஆபத்தான கழிவு தனி. நாப்கினையும் டயப்பரையும் நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு முனிசிபாலிட்டிச் சமாச்சாரம் போல இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் கையால் சொல்கிற 'ங்க'. இப்போது கண்ணாடி உடைந்தால் தடித்த காகிதத்தில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி அவர் கையிலேயே தனியாகக் கொடுக்கிறோம். வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

இப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் தொடங்கி சாயங்காலத்தோடு முடிந்தால் ஒரு ஷிப்ட், ராத்திரி வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். தையல் மெஷின் வரிசையான பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களை எல்லாரும் 'பையா' என்று கூப்பிடுகிறார்கள். ஹிந்தியில் அந்தச் சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். முதல் எழுத்தை மூச்சு விட்டு அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வாயில் அழுத்தம் போய்விடுகிறது, அண்ணன் போய்ப் பொடியன் வந்துவிடுகிறான். நாற்பது வயது அயர்ன் மாஸ்டரை இருபது வயதுக்காரன் "டேய் பையா" என்கிறான். அந்த 'டேய்' வந்ததும் அது எந்த மொழிப் பையா என்று தெரிந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நேரம் வேறு. திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு கூட்டம். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்துவிட்டு, வீடியோக்கள் பொய் என்று சொன்னது. அந்த வாரம் நான் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய பெரிய ஆட்கள், "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம், போகாதீங்க" என்றார்கள். ஒரே வாரத்தில் எல்லாருக்கும் 'ங்க' வந்துவிட்டது. ஆர்டர் இருந்தது, ஆள் வேண்டியிருந்தது. பயம் அடங்கியதும் 'டேய்' திரும்பியது. சொல்லத் தெரியாமல் இல்லை என்று அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் முதலாளி எல்லாரையும் "வாங்க கண்ணு", "சொல்லுங்க சாமி" என்பார். தேன் மாதிரிப் பேச்சு. சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமை ஆகும், சில வாரம் புதன் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தைத்த துணியைச் சரிபார்க்கும் ஒரு செக்கிங் அக்கா என் மேஜை முன்னால் நின்றார். கணக்குப் பார்க்கும் நான் தலையைக் குனிந்துகொண்டு லெட்ஜரைப் புரட்டினேன். மரியாதையாகப் பேசிவிட்டு, உழைத்த காசை நிறுத்தி வைப்பவரை நான் மரியாதை தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். 'ங்க' கூலிக்குப் பதில் ஆகாது. கூலியோடு கூட வர வேண்டியது அது.

போன மாதம் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடிக்க நின்றேன். பக்கத்தில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நரை, கண்ணாடி. சிரித்ததும் கண்டுகொண்டேன். அந்த மழை நாளில் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தவன்.

பல வருடமாகத் திருப்பூரில்தான் இருக்கிறாராம். டெய்லராகச் சேர்ந்து, இப்போது பத்துப் பேரை வைத்துக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். "உங்க அப்பா சவுக்கியமாங்க?" என்று கேட்டார். தாத்தாவைப் பற்றி நான் பேச்செடுத்தேன். அந்தப் பள்ளிக்கூட வாசலைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகம் இருந்தது. "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் மறக்கலைங்க" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயைக் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "தாத்தா இருந்திருந்தா உங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாருங்க" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "நாம ஒரே வகுப்பு. எனக்கு எதுக்கு 'ங்க' போடறீங்க? பேரைச் சொல்லி, வாடா போடான்னு கூப்பிடுங்க."

அவர் காலி கிளாஸை மேஜையில் வைத்தார். வாயைத் திறந்தார், என் பேர் பாதி வந்தது, நின்றுவிட்டது. தலையை ஆட்டிச் சிரித்தார்.

"வாயில வர மாட்டேங்குதுங்க."